பார்த்துப் போவது யார் கடமை? ஜீப்ரா கடவையில் ஓட்டுநரின் பொறுப்பு

வீட்டை விட்டு இறங்கும் பிள்ளையிடம் நாம் சொல்லும் கடைசிச் சொல் பெரும்பாலும் 'பார்த்துப் போ' என்பதுதான். சாலை நடுவில் தடுமாறி நிற்பவரை நோக்கி வண்டிக்குள்ளிருந்து பாயும் வசை, 'வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?' என்பது. முதலாவது அன்பில் பிறந்தது, இரண்டாவது சினத்தில் பிறந்தது. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே: பார்க்க வேண்டியவர் நடப்பவர். விபத்து நடந்த பிறகு ஓட்டுநர்கள் சொல்லும் விளக்கமும் இதன் தொடர்ச்சிதான். 'திடீர்னு குறுக்கே வந்துட்டாங்க, நான் பார்க்கலை.'

இந்தக் 'குறுக்கே' என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். சாலையின் மற்ற இடங்களில் அது பொருந்தலாம். வெள்ளைப் பட்டைகள் தீட்டிய இடமோ குறுக்கே போவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அங்கே நடப்பவர் தம் வழியில் போகிறார். குறுக்கே வருவது வாகனம். 'பார்க்கவில்லை' என்ற சொல்லும் அவ்வாறே. அதை ஒரு சமாதானமாகக் கேட்டுப் பழகிவிட்டோம். ஜீப்ரா கடவையைப் பொறுத்தவரை அது சமாதானம் அல்ல, குற்ற ஒப்புதல் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஓட்டுநரின் கடமை கோட்டில் நிற்பதில் தொடங்கவில்லை. கோட்டுக்கு ஏறக்குறைய முப்பது மீட்டர் முன்பே, பார்ப்பதிலும் வேகத்தைக் குறைப்பதிலும் தொடங்குகிறது. அந்த முப்பது மீட்டரைச் சட்டம் எப்படிக் கையாண்டது, எங்கே கைவிட்டது என்பதைப் பிரிட்டன், ஜப்பான், இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் விதிகளை முன்வைத்து இங்கே ஆராய்கிறேன்.

இது சொல்லாராய்ச்சிக்கான விஷயம் மட்டுமல்ல. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஐந்தில் ஒருவர் என்றே கொள்ளலாம். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் 'ஜீப்ரா கிராஸிங்' என்கிறோம். இலங்கைத் தமிழில் 'பாதசாரிக் கடவை' என்ற அழகான சொல் புழங்குகிறது. அங்கே அது நெடுங்காலம் மஞ்சள் கோடுகளால் ஆனதால் 'மஞ்சள் கடவை' என்றும் வழங்கிற்று. ரயில் பாதையைச் சாலை வெட்டும் இடம் அங்கே 'புகையிரதக் கடவை', இங்கே 'ரயில்வே கேட்'. கேட் என்ற பெயரிலேயே நிறுத்தம் இருக்கிறது. மூடிய கேட்டுக்கு முன் நிற்பது யார் பொறுப்பு என்று எவரும் வாதிடுவதில்லை. ஜீப்ரா கடவைக்கு அப்படியொரு தடுப்பு கிடையாது. அதன் கேட் ஓட்டுநரின் மனத்தில் இருக்க வேண்டும். 'கடவை' என்ற சொல்லையே இனி இங்கே கையாள்கிறேன்.

கோடுகள் யார் கண்ணுக்காக?

1934-இல் பிரிட்டனில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டபோது போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா. லண்டனின் கேம்டன் பகுதியில் சாலையைக் கடக்கும்போது வேகமாக வந்த காரிடமிருந்து அவரே மயிரிழையில் தப்பினார். அவர் காலத்தில் கடவைகளின் இருபுறமும் கறுப்பு வெள்ளைக் கம்பங்களும் அவற்றின் உச்சியில் ஆரஞ்சு நிற உருண்டைகளும் நடப்பட்டன. இன்றும் அவை அவர் பெயரால்தான் அழைக்கப்படுகின்றன. தரையில் கடவையின் எல்லையைக் காட்டியவை வரிசையாகப் பதித்த உலோகக் குமிழ்கள்.

குமிழ்களில் ஒரு குறை இருந்தது. நடப்பவரின் காலடியில் அவை தெளிவாகத் தெரிந்தன. வண்டியோட்டி வருபவருக்குத் தொலைவிலிருந்து தெரியவில்லை. கடவை இருப்பதை அவர் உணரும்போது அதன் மேலேயே வந்துவிட்டிருப்பார். போருக்குப் பிறகு, தொலைவிலிருந்து எந்த வடிவம் கண்ணில் படும் என்று சாலை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். 1949-இல் ஏறத்தாழ ஆயிரம் இடங்களில் பட்டைகளைத் தீட்டிப் பார்த்து, 1951-இல் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைச் சட்டமாக்கினார்கள். ஸ்லவ் நகரத்துக் கடைத்தெருவில் முதல் ஜீப்ரா கடவை அமைந்தது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. பட்டைகள் நடப்பவருக்கு வழிகாட்டத் தீட்டப்பட்டவை என்றே நினைக்கிறோம். 'ஜீப்ரா கோட்டில் கடந்து போங்கள்' என்று பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிறோம். நடப்பவருக்கு இடம் காட்டுவது மட்டும் நோக்கமென்றால் குமிழ்களே போதும். பட்டைகள் பிறந்தது ஓட்டுநரின் கண்ணுக்காக, அதுவும் தொலைவில் வரும் ஓட்டுநரின் கண்ணுக்காக. 1971 முதல் பிரிட்டன் இன்னொன்றும் செய்தது: கடவைக்கு முன்னும் பின்னும் சாலையோரத்தில் வளைந்து வளைந்து செல்லும் வெள்ளைக் கோடுகளைச் சேர்த்தது. அந்தக் கோடுகளுக்குள் வண்டி நிறுத்தக் கூடாது. முன்னே கடவையை நெருங்கும் வண்டியை முந்தக் கூடாது. கடவையை நோக்கி வரும் பாதையும் கடவையின் பகுதியே என்ற கருத்தை அவர்கள் தரையிலேயே வரைந்துவிட்டார்கள். நம் நகரங்களில் அத்தகைய கோடுகளைக் காண்பது அரிது. மாறாக, கடவையை ஒட்டியே ஷேர் ஆட்டோ நிற்கும், சரக்கு வேன் நிற்கும். அவற்றின் மறைவிலிருந்துதான் நடப்பவர் வெளிப்பட வேண்டும்.

ஒரு பேருந்தும் ஒரு டாக்சியும்

கடவைச் சட்டத்தின் வேரைத் தேடுவோர் 1949-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் உள்ள ஒரு வழக்கைத் தவிர்க்க முடியாது: லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியம் எதிர் அப்சன். பிரிட்டனின் பிரபுக்கள் சபை, உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்து தீர்த்த வழக்கு. சிக்னல் உள்ள சந்திப்பில் ஒரு பெண் கடவையின் மீது சாலையைக் கடந்தார். அவருக்கான விளக்கு எரியவில்லை, பச்சை பேருந்துக்கு. கடவையருகே நின்றிருந்த டாக்சி ஒன்று அவரைப் பேருந்து ஓட்டுநரின் கண்ணிலிருந்து மறைத்தது. டாக்சியைத் தாண்டி அவர் வெளிப்பட்டபோது பேருந்து மோதியது.

விளக்கு பேருந்துக்குச் சாதகம், பெண் கடந்தது தவறு, ஓட்டுநர் பார்க்க வழியே இல்லை என்றெல்லாம் வாதம் எழுந்தது. 'நான் பார்க்கலை' என்ற நம்மூர் வாதத்தின் முழு வடிவம் இது. ஆயினும் ஓட்டுநர் கடவை விதியை மீறினார் என்றே பிரபுக்கள் சபை முடிவு செய்தது. அன்று நடப்பிலிருந்த 1941-ஆம் ஆண்டின் விதி என்ன சொன்னது? கடவையை அணுகும் ஓட்டுநர், அதன் மேல் எவரும் இல்லை என்று தம் கண்ணால் காண முடிந்தாலன்றி, தேவைப்பட்டால் கடவைக்கு முன்பே நிற்கக்கூடிய வேகத்தில்தான் வர வேண்டும்.

இந்த விதியின் கட்டமைப்பு அருமையானது. 'ஆள் இருப்பதைக் கண்டால் நில்' என்று அது சொல்லவில்லை. 'ஆள் இல்லை என்பதைக் கண்டால் மட்டும் வேகமாகப் போ' என்கிறது. முதல் வகையில், காணாதவர் குற்றமற்றவர் ஆகிவிடுவார். இரண்டாவது வகையில், காணாமையே வேகத்தைக் குறைக்கக் காரணம் ஆகிறது. டாக்சி பார்வையை மறைத்தது என்பது ஓட்டுநரைக் காப்பாற்றும் வாதமாக இல்லாமல் அவருக்கு எதிரான சான்றாக மாறியது அதனால்தான். அதே வழக்கில் நீதிபதிகளுள் ஒருவரான அத்வாட் பிரபு, சாலையில் எல்லோரும் கவனமாக நடந்துகொள்வார்கள் என்று நம்பிக்கொண்டு ஓட்ட ஓட்டுநருக்கு உரிமை இல்லை என்றார். மனிதர்கள் கவனக்குறைவாகச் செய்யக்கூடியவை என்று அனுபவம் சொல்பவற்றையும் அவர் எதிர்பார்த்தே ஓட்ட வேண்டும். சென்னை அண்ணா சாலையில் ஒரு நாள் வண்டி ஓட்டியவருக்கு அந்த அனுபவம் போதிய அளவு கிடைத்திருக்கும்.

இத்தகைய கடமை கொடுமையானது, எல்லை இல்லாதது என்று சொல்வோர் உண்டு. இந்தக் கேள்வியையும் ஆங்கில நீதிமன்றங்கள் தயங்கித் தயங்கித்தான் தீர்த்தன. 1952-இல் லெஸ்டர் எதிர் பியர்சன் வழக்கில் கடமை முழுமையானதல்ல என்றார்கள். 1960-இல் ஹ்யூஸ் எதிர் ஹால் வழக்கில் முழுமையானதே என்றார்கள். 1967-இல் தொகுக்கப்பட்ட பர்ன்ஸ் எதிர் பிட்டர் வழக்கில், முன்னறிகுறி எதுவுமின்றி பிரேக் பழுதான ஓட்டுநரை விடுவித்தார்கள். தம் தவறின்றி வண்டியின் கட்டுப்பாட்டையே இழந்தவர் மட்டும் தப்பலாம், மற்றவர் தப்ப முடியாது என்பதே அதன் சாரம். தேனீக்கூட்டம் வண்டிக்குள் புகுந்தாலோ, பின்னால் வந்த வாகனம் இடித்துத் தள்ளினாலோ விலக்கு உண்டு. வெயிலில் கண் கூசியது, மழையில் தெரியவில்லை, நின்ற பஸ் மறைத்தது என்பவற்றுக்கு விலக்கு இல்லை. இந்த எல்லைக்கோடு நியாயமானது என்பது என் கருத்து. வண்டி தன் கையை மீறிப் போவது வேறு, கண்ணுக்கு எட்டாத இடத்துக்குள் வண்டியைத் தானே செலுத்துவது வேறு.

காத்து நிற்பவர் யார்?

அவ்வளவு கூர்மையான விதியைத் தந்த பிரிட்டன், பிற்காலத்தில் ஓர் இடத்தில் பின்வாங்கியது. 1997-ஆம் ஆண்டின் கடவை விதிகளின்படி, வாகனத்தின் எந்தப் பகுதியும் கடவைக்குள் நுழைவதற்கு முன்பே கடவையில் கால் வைத்துவிட்டவருக்குத்தான் முன்னுரிமை. ஓரத்தில் நிற்பவருக்கு அது இல்லை. அதாவது நடப்பவர் தம் உடம்பைப் பிணையாக வைத்த பிறகே அவருக்கு உரிமை பிறக்கிறது. இளைஞர் வைக்கலாம். ஊன்றுகோலுடன் வரும் முதியவர், கைக்குழந்தையை இடுப்பில் ஏந்தியவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் வைப்பார்களா? துணிந்தவருக்கு மட்டும் கிடைப்பதை உரிமை என்று சொல்வதற்கில்லை.

ஐரோப்பாவின் வேறு சில நாடுகள் இதை முன்பே உணர்ந்தன. ஜெர்மனியின் போக்குவரத்து ஒழுங்குவிதியில் 26-ஆம் பிரிவு, கடக்க விரும்புவது கண்ணுக்குத் தெரியும்படி நிற்பவருக்கும் வழிவிடச் சொல்கிறது. மிதமான வேகத்தில் அணுகவும், தேவையென்றால் காத்திருக்கவும் அது பணிக்கிறது. கடவையில் முந்துவதைத் தடுக்கிறது. ஸ்வீடன் 2000 மே மாதத்தில், சிக்னல் இல்லாத கடவையில் கால் வைத்தவருக்கும் கால் வைக்கப்போகிறவருக்கும் வழிவிடும் கடமையை ஓட்டுநர் மேல் ஏற்றியது. பிரிட்டனும் 2022 ஜனவரியில் தன் சாலை நெறிநூலைத் திருத்தி, காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும் என்று சேர்த்தது. ஆனால் அதை அறிவுரை அளவிலேயே வைத்தது, கட்டாயமாக்கவில்லை.

நம் ஊரில் காத்து நிற்பவர் என்ன செய்கிறார்? கையை உயர்த்துகிறார். உள்ளங்கையை வாகனங்களுக்குக் காட்டியபடி, முகத்தை அவற்றின் பக்கம் திருப்பி, அரை அடி அரை அடியாக நகர்கிறார். வெளியூரார் வியந்து பேசும் காட்சி இது. அந்தக் கையை நான் நெடுநாள் கவனித்திருக்கிறேன். போலீஸ்காரரின் கை நிறுத்தும். இந்தக் கை கெஞ்சும். முதல் வண்டி சற்று மட்டுப்பட்டால் இரண்டாவது வண்டியை நோக்கித் திரும்பும். நான்கு தடத்துச் சாலையில் ஒருவர் நான்கு முறை அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது, அதுவும் தமக்கென்று ஒதுக்கிய இடத்தில். சட்டப்படி ஓட்டுநர் தரவேண்டிய ஒன்றை நடப்பவர் யாசித்துப் பெறும் நிலைக்கு அந்தக் கையே சான்று.

முப்பது மீட்டரின் கணக்கு

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி என்று கொள்வோம். காய்ந்த தரையில், நல்ல பிரேக்குடன், நிற்க மேலும் 14 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 28 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகமென்றால் 36 மீட்டருக்கு மேல் ஆகும். 30 கிலோமீட்டர் என்றால் 13 மீட்டரில் நின்றுவிடலாம். சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்த உச்ச வேகம் கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வாகனங்களுக்கும் 30.

நடப்பவர் பக்கக் கணக்கையும் பார்க்கலாம். வடிவமைப்பாளர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நடைவேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். ஏழு மீட்டர் அகலச் சாலையைக் கடக்க ஆறு விநாடி ஆகும். அந்த ஆறு விநாடியில் 50 கிலோமீட்டர் வேகக் கார் 80 மீட்டருக்கு மேல் வந்துவிடும். அதாவது, சாலையில் இறங்கும் கணத்தில் 80 மீட்டருக்கு அப்பால் இருக்கும் வண்டியின் வேகத்தையும் தொலைவையும் மூட்டுவலி உள்ள எழுபது வயதுக்காரர் சரியாகக் கணிக்க வேண்டும். அவர் நடை 1.2 மீட்டரை எட்டாது என்பது வேறு. ஓட்டுநர் செய்ய வேண்டியதோ மிக எளிது: வலது பாதத்தை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுப்பது. 'பார்த்துப் போ' என்ற சுமையை யார் தாங்கக்கூடியவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நின்றவருக்கு அப்பால் வருபவர்

இனி எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி. ஓட்டுநர் ஒருவர் மனமுவந்து கடவைக்கு முன் நிற்கிறார். கையசைத்து 'போங்க' என்கிறார். நடப்பவர் நன்றியோடு நகர்கிறார். நின்ற வண்டியின் முகப்பைத் தாண்டியதும் அடுத்த தடத்தில் வேகமாக வரும் வண்டி அவர் மேல் மோதுகிறது. முதல் ஓட்டுநரின் நல்ல மனமே திரையாகிவிடுகிறது. அப்சன் வழக்கின் டாக்சி நாள்தோறும் எல்லா ஊரிலும் நிற்கிறது.

அமெரிக்காவில் சார்ல்ஸ் செகீர் தலைமையிலான ஆய்வாளர்கள் 30 நகரங்களில் கோடு போட்ட 1,000 இடங்களையும் கோடு போடாத 1,000 இடங்களையும் ஒப்பிட்டார்கள். இரு தடச் சாலைகளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பல தடங்கள் கொண்ட, நாளொன்றுக்கு 12,000 வாகனங்களுக்கு மேல் ஓடும் சாலைகளில், வேறு எந்த வசதியும் செய்யாமல் வெறும் கோடு மட்டும் போட்ட இடங்களில் நடப்போர் விபத்து விகிதம் கூடுதலாக இருந்தது. நின்ற வாகனத்தின் மறைவிலிருந்து வெளிப்படும் நடப்பவர், அடுத்த தடத்து வாகனம் என்ற இந்தக் கூட்டணி அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று.

அமெரிக்கச் சாலையில் தடங்களாவது உண்டு. நம் சாலையில் காருக்கும் பஸ்ஸுக்கும் நடுவிலுள்ள இரண்டடி இடைவெளியும் ஒரு தடம்தான். அதில் பைக் வரும். நின்ற பஸ்ஸின் இடப்புறம், நடைபாதையை உரசியும் பைக் வரும். சிக்னலில் 'ஃப்ரீ லெஃப்ட்' என்ற பெயரில் இடப்பக்கம் திரும்பும் வாகனங்கள், நேர்ச்சாலைக்குச் சிவப்பு எரிந்து நடப்பவர் கடக்கும் அதே நேரத்தில் கடவையை வெட்டிக்கொண்டு போகும். ஆகவே, கடவைக்கு முன் நின்றவரின் கடமையைக் காட்டிலும், நின்ற வண்டியைக் கண்டவரின் கடமைதான் இங்கே உயிர் காப்பது. கடவையருகே ஒரு வண்டி நிற்கிறதென்றால் அதன் முன்னே ஓர் ஆள் இருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். அந்த வண்டி ஏன் நிற்கிறது என்று எரிச்சலோடு ஹாரன் அடித்துத் தாண்டுபவரே அடுத்த விநாடியில் 'குறுக்கே வந்துட்டாங்க' என்கிறார்.

நின்று உதவுபவரும் ஒன்றைக் கவனிக்கலாம். கோட்டை ஒட்டி நிற்காமல் சில மீட்டர் பின்னால் நின்றால், அடுத்த தடத்தில் வருபவருக்கு நடப்பவர் முன்கூட்டியே தெரிவார், நடப்பவருக்கும் வரும் வண்டி தெரியும். சிக்னலில் நிறுத்தக் கோட்டைத் தாண்டிக் கடவையின் மேலேயே முன்சக்கரத்தை வைத்து நிற்கும் நம் வழக்கம் இந்தப் பார்வைக் கோணத்தையே அழித்துவிடுகிறது. பச்சை விழும்போது இரண்டு நொடி முந்துவதற்காகச் செய்வது அது.

ஜப்பானின் பாடம்

1941-இன் பிரிட்டிஷ் விதியைப் போன்ற ஒன்றை இன்றும் முழு வலுவோடு வைத்திருக்கும் நாடு ஜப்பான். அதன் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி, கடக்க முனைபவர் எவரும் இல்லை என்பது தெளிவாக இருந்தாலன்றி, கடவைக்கு முன் நிற்க முடியும் வேகத்தில்தான் அணுக வேண்டும். கடப்பவரோ கடக்கப்போகிறவரோ இருந்தால் கட்டாயம் நின்று வழிவிட வேண்டும். கடவையருகே நிற்கும் வாகனத்தைத் தாண்டிச் செல்ல விரும்புபவர் முதலில் தாமும் நிற்க வேண்டும். கடவைக்கு முன்னுள்ள 30 மீட்டருக்குள் முந்தக் கூடாது. சிக்னல் இல்லாத கடவை வருகிறது என்று அறிவிக்க, அதற்கு ஏறக்குறைய 50 மீட்டர் முன்னும் 30 மீட்டர் முன்னும் தரையில் பெரிய சாய்சதுரக் குறிகளைத் தீட்டுகிறார்கள். நான் மேலே சொன்ன மறைப்பு ஆபத்துக்குச் சட்டவாசகத்திலேயே மருந்து இருக்கிறது.

அப்படியானால் ஜப்பானிய ஓட்டுநர்கள் எல்லோரும் நின்றார்களா? இல்லை. ஜப்பான் ஆட்டோமொபைல் கூட்டமைப்பு 2016-இல் சிக்னல் இல்லாத கடவைகளில் எண்ணிப் பார்த்தபோது, நடப்பவருக்காக நின்ற கார்கள் 7.6 விழுக்காடுதான். ஒழுங்குக்குப் பெயர்போன நாட்டில், நூறு பேரில் தொண்ணூற்றிரண்டு பேர் சட்டத்தை மீறினார்கள். நம் மக்களுக்கு ஒழுங்கு வராது என்று சலித்துக்கொள்வோர் இந்த எண்ணை மனத்தில் கொள்ள வேண்டும்.

பிறகு நடந்தது இன்னும் முக்கியமானது. கூட்டமைப்பு ஆண்டுதோறும் எண்ணியது. 2018 முதல் மாகாண வாரியாகப் பட்டியலை வெளியிட்டது. அந்த ஆண்டில் நாகானோ மாகாணத்தில் 58.6 விழுக்காட்டினர் நின்றார்கள்; தொச்சிகி மாகாணத்தில் 0.9 விழுக்காட்டினர். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே உரிமத் தேர்வு. கடைசி இடம் என்ற செய்தி தொச்சிகியை உறுத்தியது. பின்வந்த ஆண்டுகளில் அது முன்னணி மாகாணங்களின் வரிசைக்கு ஏறியது. காவல்துறையும் கடவை மீறலுக்கு அபராதம் விதிப்பதை முடுக்கியது. நாடளாவிய சராசரி 2020-இல் 21.3 விழுக்காடு, 2022-இல் 39.8, 2024-இல் 53. எட்டு ஆண்டில் ஏழு மடங்கு. சட்டவாசகம் அப்படியே இருந்தது. எண்ணுவதும், எண்ணியதை ஊரறியச் சொல்வதும், மீறியவரைப் பிடிப்பதும் சேர்ந்து அதற்கு உயிர் கொடுத்தன.

நம் விதியில் தொங்கும் கேள்விகள்

இந்தியாவில் விதியே இல்லை என்று சொல்வது தவறு. 1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குவிதிகள், ஓட்டுநர் கடவையை அணுகும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றன. அங்குள்ளவர்களுக்கு ஆபத்தின்றி நுழையலாம் என்று அறிந்துகொள்ளும் வரை நுழையக் கூடாது என்றும் சொல்லின. 'அறிந்துகொள்ளும் வரை' என்பதில் அப்சன் வழக்கின் விதை இருக்கிறது. அவற்றுக்கு மாற்றாக வந்த 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன (ஓட்டுதல்) ஒழுங்குவிதிகள், சிக்னலோ காவலரோ இல்லாத கடவையில் வேகம் குறைத்து, நின்று, நடப்பவருக்கும் சக்கர நாற்காலியில் செல்பவருக்கும் வழிவிடச் சொல்கின்றன. முன்னே நெரிசல் இருந்தால் கடவையின் மேல் ஏறி அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்றும் சொல்கின்றன. இந்தக் கடைசி விதியை நம் ஓட்டுநர்களில் எத்தனை பேர் உரிமத் தேர்வின்போது கேள்விப்பட்டிருப்பார்கள்?

ஆனால் கடவைக்கான அந்த விதியில் இரண்டு கேள்விகள் தொங்குகின்றன. எவ்வளவு குறைத்தால் குறைத்ததாகும்? ஓரத்தில் காத்து நிற்பவர் வழிவிடப்பட வேண்டியவரா? விடை இல்லாத இடத்தில் பழக்கம் புகுந்துகொள்கிறது. பழக்கமோ வலியவரின் பக்கம். தண்டனையும் அதற்கேற்றபடிதான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், சிவப்பு விளக்கைத் தாண்டுவதையும் கையில் செல்பேசியோடு ஓட்டுவதையும் அபாயகர ஓட்டுதல் பற்றிய 184-ஆம் பிரிவில் பெயர் சொல்லிச் சேர்த்தது. கடவையில் வழிவிடாமை அங்கே பெயர் பெறவில்லை. சாலை ஒழுங்குவிதிகளின் மீறல்களுக்கான 177-ஏ பிரிவில், 500 முதல் 1,000 ரூபாய் வரை என்ற பொதுக் கூடைக்குள் அது விழுகிறது.

நடப்பவர்களே கடவையைப் பயன்படுத்துவதில்லையே, நினைத்த இடத்தில் கடக்கிறார்களே என்ற எதிர்வாதம் உண்டு. உண்மைதான். இருநூறு மீட்டர் வெயிலில் நடந்து கடவைக்குப் போவது ஓர் ஒப்பந்தம். நடப்பவர் தம் நேரத்தையும் கால்களையும் செலவழிக்கிறார். பதிலுக்கு அங்கே வாகனம் நிற்கும் என்று எதிர்பார்க்கிறார். அங்கேயும் எந்த வண்டியும் நிற்காதென்றால், அந்த இருநூறு மீட்டருக்கு அவர் பெற்றது என்ன? கடவைக்கு வெளியே கடப்பது கடவைக்குள் ஓட்டுநர் செய்த மீறலின் விளைவும்கூட. நடை மேம்பாலம் இதற்கு மாற்றாகாது. சாலை மட்டத்தில் காருக்கு இடம், நாற்பது படி ஏறி இறங்கும் வேலை நடப்பவருக்கு என்ற பங்கீடு அது.

ஓட்டுநர் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டுச் சாலை அமைத்தவர் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. ஆறு தடச் சாலையில், விளக்கில்லாத இடத்தில், தேய்ந்த பெயின்ட்டில் ஒரு கடவையைப் போட்டுவிட்டு நல்ல ஓட்டுநரை எதிர்பார்ப்பது நியாயமல்ல. வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தவறுபவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 திருத்தத்தின் 198-ஏ பிரிவு இடம் தருகிறது. சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது; 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதைகள் திறக்கப்பட்டன. கடவையை நடைபாதை மட்டத்துக்கு மேடாக்கினால் ஓட்டுநர் விரும்பாவிட்டாலும் வேகம் குறையும். இப்படி மேடாக்கிய கடவையே நம் தெருக்களுக்கு மிகவும் ஏற்றது என்று நினைக்கிறேன்.

கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கு, சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் நடந்துவரும் நீண்ட வழக்கு. அதில் 2025 மே மாதம், நடக்கத் தக்க நடைபாதை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ), 210-டி பிரிவுகளின் கீழ் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்க மாநிலங்களைப் பணித்தது. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. 138(1ஏ) பிரிவு, நடப்போரின் செயல்களை ஒழுங்குபடுத்துவது பற்றியது, ஓட்டுநரைப் பற்றியதல்ல. அதன் கீழ் எழுதப்படும் விதிகள் 'பார்த்துப் போ' என்பதையே சட்டமொழியில் திருப்பிச் சொல்வதாக முடிந்துவிடலாம். சாலை வடிவமைப்புக்கான 210-டி பிரிவைத் தமிழ்நாடு அரசு முழுமையாகப் பயன்படுத்தி மேடாக்கிய கடவைகளையும், கடவைக்கு முன்னே வாகனம் நிறுத்தத் தடையையும் விதியாக்க வேண்டும். காவல்துறை, ஊர் ஊராகக் கடவையில் நின்ற வாகனங்களை எண்ணி, ஆண்டுதோறும் மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும்.

ஓட்டுநருக்கான வாக்கியங்கள் ஒன்றிய அரசின் 2017 ஒழுங்குவிதிகளில் இடம்பெற வேண்டியவை. அவற்றை இப்படி எழுதலாம்: கடவையை அணுகும் ஓட்டுநர், அதன் மீதும் அதன் இரு ஓரங்களிலும் கடப்பதற்கு எவரும் இல்லை என்பதைக் கண்டாலன்றி, கடவைக்கு முன் நிற்க முடியும் வேகத்திலேயே வர வேண்டும். கடவையருகே நிற்கும் எந்த வாகனத்தையும், தாம் ஒருமுறை நிற்காமல், தாண்டக் கூடாது.

இந்த இரண்டு வாக்கியங்களைச் சேர்க்க நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 118-ஆம் பிரிவின் கீழ் ஒன்றிய அரசு வெளியிடும் ஓர் அறிவிக்கை போதும்.